மூன்றாவது பிடி

நாலு மணிக்குக் கதிரை கிறீச்சிட்டது.

அதில் ஒரு புதினமும் இல்லை. மீள்குடியேறி வந்த வருடம் வாங்கிய மரக்கதிரை அது. பின்னங்கால் ஒன்று வெடித்து, இன்னாசித்தம்பி அதை வலைநூலால் வரிந்து கட்டியிருந்தார். அதில் ஆள் இருந்தால் பாரம் ஒரு பக்கம் சரிந்து, கிறீச் என்று நீளமாக முனகியபடி அந்தக் கால் நிலத்தை விட்டுக் கிளம்பும். ஆள் எழும்பினால் திரும்பி வந்து சீமெந்தில் டக் என்று தட்டும். இருந்தால் கிறீச், எழும்பினால் டக். குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாலும், கிணற்றடியில் நின்றாலும், மனிசன் இருக்கிறாரா எழும்பிவிட்டாரா என்று சுசிலாவுக்கு அந்தச் சத்தம் சொல்லிவிடும்.

அன்றைக்குக் கிறீச் கேட்டது. டக் கேட்கவில்லை.

அவள் வெங்காயத்தை உரித்தபடி காத்திருந்தாள். வெளியே வாடைக்காற்று தென்னோலைகளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. மழை இருட்டு நாலு மணிக்கே முற்றத்தில் இறங்கிவிட்டது. கூரைத் தகரத்தின் ஒரு மூலை ஓயாமல் படபடத்தது. ஈர விறகின் புகையும் கருவாட்டு மணமும் கடலின் உப்பும் குசினிக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. மகன் யூட்சன் கடற்கரைப் பக்கம் போயிருந்தான். மருமகள் கம்சா கிணற்றடியில் பானை தேய்த்துக்கொண்டிருந்தாள், அடிப்பிடித்த கறுப்பு ஒரு பொட்டும் மிஞ்சாமல், சுரண்டிச் சுரண்டி. வீட்டில் வேறு ஆட்கள் இல்லை. இன்னாசித்தம்பியைச் சேமக்காலையில் அடக்கம் செய்து அன்றோடு முப்பத்துமூன்று நாள்.

சுசிலா வெங்காயக் கையோடு எழும்பிப் போய் விறாந்தையை எட்டிப் பார்த்தாள். கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெடித்த கால், நிலத்தைத் தொடாமல், ஒரு விரல் உயரத்தில் நின்றது.

உள்ளதைச் சொன்னால், முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தோசம்தான் வந்தது. கண் கலங்கி, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, அவள் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். ஏனென்றால் அவர் ஏன் வந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அது அவள் செய்த வேலை.

சுசிலா எந்த வேலையையும் முழுசாக முடிக்கமாட்டாள். ஊருக்கே தெரிந்த விசயம். முற்றம் கூட்டினால் வேலிப் படலையடியில் ஒரு சாண் விட்டுவிடுவாள். சட்டை தைத்தால் கடைசிப் பொத்தான் நூலில் தொங்கும். வலை பொத்தினால் ஓரத்தில் ஒரு கண் திறந்தே கிடக்கும். தேத்தண்ணி குடித்தால் கோப்பையின் அடியில் ஒரு மிடறு மிஞ்சும். சொந்தக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள், சுசிலா பூசைக்கு வந்தாலும் ஒரு காலை வாசலுக்கு வெளியேதான் வைத்திருப்பாள் என்று. அவளும் சேர்ந்து சிரிப்பாள். சோம்பல் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும்.

சோம்பல் இல்லை அது. கலியாணம் முடித்த முதல் வருடம், சண்டைக் காலம். ஒரு பின்னேரம் மூன்று போட் கடலுக்குப் போயிருந்தது. அவள் ஒரு பாரை மீனுக்குச் செதில் தட்டிக்கொண்டிருந்தாள். கடல் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதும், பாதிச் செதிலோடு மீனைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினாள். திரும்பி வந்தது ஒரே ஒரு போட். அதில் இன்னாசித்தம்பி இருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் மீன் பலகையில் அப்படியே கிடக்கிறது; பூனைகூடத் தொடவில்லை. அவரைப் பக்கத்தில் இருத்திவைத்துக்கொண்டு அவள் மிச்சச் செதிலைத் தட்டினாள். அன்றைக்கு அவளுக்குள் அந்த எண்ணம் விழுந்தது: பாதியில் கிடக்கிற வேலை ஆளைத் திருப்பி இழுக்கும். யாரும் சொல்லித் தந்ததில்லை. அவளாகவே கண்டுபிடித்து, அவளாகவே மாட்டிக்கொண்டாள்.

பிறகு அவர் கடலுக்குப் போகும்போதெல்லாம், யூட்சன் வளர்ந்து தகப்பனோடு போகத் தொடங்கிய பிறகு இருவருக்கும் சேர்த்து, வீட்டில் நாலைந்து வேலையை அந்தரத்தில் நிறுத்திவைப்பாள். எல்லாவற்றிலும் பெரியது பின்னேரச் செபமாலை. முழுவதும் சொல்லுவாள், கடைசி ஆமென்னை மட்டும் சொல்லமாட்டாள். அதை வாய்க்குள் வைத்துக்கொண்டே சமைப்பாள், படுப்பாள், புரளுவாள். போட்டின் அடி கரை மணலில் உரசுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அதை வெளியே விடுவாள். இருபத்தெட்டு வருடம் ஒரு நாளும் பிழைக்கவில்லை.

பிழைத்தது ஒரே ஒரு நாள். யூட்சனுக்குக் காய்ச்சல், இரண்டு பேர் போகிற போட்டில் இன்னாசித்தம்பி தனியே போனார். கம்சா அப்போது அந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம். மல்லாவியில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, கடல் தெரியாது, கெட்டிக்காரி, எடுத்த வேலையை முடிக்காமல் எழும்பமாட்டாள். மாமியோடு முழங்காலில் இருந்து செபமாலை சொன்னாள். சுசிலா வழமைபோலக் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தினாள். மாமி மறந்துவிட்டா என்று நினைத்து, கம்சா கணீரென்று ஆமென் சொல்லி, சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

அடுத்த நாள் காலையில் இன்னாசித்தம்பி வேறு யாரோ ஒருவரின் வலையில் கரைக்கு வந்தார்.

சுசிலா அதை மருமகளிடம் சொல்லவில்லை. பல முறை வாயெடுத்தாள். அந்தப் பிள்ளை தெரிந்தா செய்தது? சொன்னால் தாங்குமா? என்று விழுங்கிவிட்டாள். ஆனால் அடக்கத்தன்று, நெருங்கிய சொந்தங்கள் குழிக்குள் மூன்று பிடி மண் போட வேண்டிய இடத்தில், அவள் இரண்டு பிடிதான் போட்டாள். மூன்றாவதைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். சேலைத் தலைப்பில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய பால்மாத் தகரப் பேணி ஒன்றில் கொட்டி, மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்தாள். அடக்கம் இன்னும் முடியவில்லை. வேலை பாதியில் கிடக்கிறது. வரட்டும்.

வந்தார்.

ஒரு கிழமை அவள் அந்தச் சந்தோசத்தில் நடமாடினாள். படலைக் கொளுக்கி தூக்கப்படுகிற சத்தம் கேட்கும், விழுகிற சத்தம் கேட்காது; கிணற்றுக் கப்பி உருண்டு வாளி தண்ணீரில் அறைகிற சத்தம் கேட்கும், தூக்குகிற சத்தம் கேட்காது; விறாந்தையில் இருந்து அவருடைய புகையிலைத் தொண்டையின் செருமல் தொடங்கும், காறி முடியாமல் நடுவில் நின்றுவிடும்; பிறகு நெடுநேரம் காற்று மட்டும் தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் "சுசி" என்று குரல் கேட்டது. உயிரோடு இருந்த காலத்தில் அவர் ஒரு நாளும் அவளுடைய பேரைக் குறுக்கியதில்லை. அவள் மிச்சத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வரவில்லை.

தேத்தண்ணியைக் கதிரைக்குப் பக்கத்தில் வைப்பாள். கால்மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கோப்பையில் ஒரு மிடறு கிடக்கும். அவர் கோப்பையைக் கவிழ்த்துக் கடைசித் துளிவரை உறிஞ்சுகிற மனிசன். அந்த மிடறைப் பார்த்தபோது அவளுக்கு முதன்முதலாக முதுகு கூசியது. இருந்தாலும் மெதுவாகச் சொன்னாள்:

"இருங்கோ. ஆறுதலா இருங்கோ. எழும்ப வேண்டாம்."

யூட்சனின் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு மிஞ்சத் தொடங்கியது அதற்கு இரண்டு நாள் கழித்து.

ஒரு வாய்ச் சோறு. குழைத்து, உருட்டி, அப்படியே ஓரத்தில். முதல் நாள் அவள் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் கவனித்தாள். மூன்றாம் நாள் அவன் ஒரு காலில் செருப்போடு படலைவரை போய், மற்றச் செருப்பை மறந்து, அங்கேயே நின்றான். சட்டையின் கடைசிப் பொத்தான் போடப்படவில்லை. அது தைக்கப்பட்டுத்தான் இருந்தது, கம்சா தைத்திருந்தாள்.

"என்ன தம்பி, காய்ச்சல் கீச்சலே?"

"இல்லையம்மா. சும்மா ஒரு..."

அவள் காத்திருந்தாள். அவன் கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு என்ன?"

"அப்பா தனிய..." என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

அடுத்த நாள் காலையில் கம்சா குசினிக்குள் வந்து, அடுப்பை ஊதுகிற சாட்டில் மாமிக்குப் பக்கத்தில் குந்தினாள். கண்ணுக்குக் கீழே கருமை.

"மாமி, ஒண்டு சொன்னா என்னைப் பேசக்கூடாது. இவர் நித்திரையில மூச்சை உள்ளுக்கு இழுக்கிறார். விடுறாரில்லை. நான் எண்ணிக்கொண்டு கிடக்கிறன். முப்பது, நாப்பது எண்டு போகுது. பிறகு பிடிச்சு உலுப்பினாத்தான் விடுறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவமே?"

சுசிலாவின் கையில் இருந்த அகப்பை கறிச்சட்டிக்குள் விழுந்தது.

அன்று பின்னேரம் யூட்சன் தகப்பனின் வலையை முற்றத்தில் இழுத்துப் போட்டான். வாடைக்காலத்தில் அந்தக் கரையில் கடலுக்குப் போகிறவன் கிடையாது. அலை ஆளை விடாது. நந்திக்கடல் களப்பில் இறால் பிடித்துத்தான் மூன்று மாதத்தை ஓட்டுவார்கள். அவனுக்கு அது தெரியாதா?

"சோளகக் காத்து பிறக்கட்டும். இந்த வாடைக்க ஆரடா வலை விடுறது? உனக்கென்ன விசரே?"

"ரெண்டு பேர் போற போட்டம்மா." அவன் தலையைத் தூக்கவில்லை. "அண்டைக்கு நான் போகேல்ல. அவர் இன்னும் ஆள் பாத்துக்கொண்டு..."

விறாந்தையில், நாலு மணிக்கு, கிறீச்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவர் அவளுக்காக வந்து இருக்கவில்லை. தேத்தண்ணிக்காக வரவில்லை. போட்டுக்கு ஒரு ஆள் குறைகிறது; அந்த ஆள் எழும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரைக் கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணியும் கொடுத்து வைத்திருப்பது அவள். ஐயோ, மாதாவே. பெற்ற பிள்ளையைத் தானே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அடக்கத்தை முடிக்க வேண்டும். ஒரு பிடிதானே. ஓடிப்போய் சுரூபத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பேணியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

மிளகாய்த்தூள்.

"கம்சா! இதுக்க இருந்தது எங்க?"

மருமகள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி வந்தாள். "அதுவே மாமி? அடியில கொஞ்ச மண் கிடந்தது. மாமாவின்ர முப்பத்தோராம் நாளுக்கு வீடு துப்பரவாக்கேக்க கொட்டிப்போட்டு, கழுவிக் காயவைச்சனான். நல்ல பேணி. வாசமாத்தான் இருக்கு. ஏன்?"

"எங்க கொட்டினனி?"

"முத்தத்திலதான். வேற எங்க கொட்டுறது?"

சுசிலா முற்றத்தைப் பார்த்தாள். வேலியிலிருந்து வேலிவரை வெள்ளைக் கடல்மணல். கம்சா தினமும் காலையும் மாலையும், மூலை முடுக்கு விடாமல், ஈர்க்குத் தடம் வரிவரியாக விழக் கூட்டுகிற மணல். சேமக்காலையிலும் அதே மணல்தான். கரையிலும் அதே மணல்தான்.

"மாமி? ஏன் முகம் இப்பிடிப் போகுது? என்ன மண் அது?"

"பிள்ளை, அண்டைக்கு நீ செபமாலை முடியேக்க..." என்று சுசிலா தொடங்கினாள். அந்தப் பிள்ளையின் கண்ணில் பயம் நிரம்புவதைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது. புருசனின் மூச்சை எண்ணிக்கொண்டு விடிய விடிய முழித்திருக்கிற பிள்ளை. "ஒண்டுமில்லை. போ, போய் வேலையைப் பார்." என்று பாதியில் விட்டாள்.

அடுத்த நாள் முழங்காலில் இருந்து, முற்றத்தில் கம்சா கொட்டியிருக்கக்கூடிய இடத்தில் ஒரு பிடி அள்ளி, சேமக்காலைக்குக் கொண்டுபோய், குருசடியில் தூவினாள். செபம் சொன்னாள். வீட்டுக்கு வந்தாள். நாலு மணிக்குக் கிறீச். காத்திருந்தாள். கால் அந்தரத்திலேயே நின்றது. அது அந்தப் பிடி இல்லை. இன்னொரு பிடி கொண்டுபோனாள். அதுவும் இல்லை. ஒரு சருவச்சட்டி நிறைய. அதுவும் இல்லை. கூட்டுகிறபோது எவ்வளவு தூரம் சிதறியிருக்குமோ? மழை எங்கே கழுவிக்கொண்டு போயிருக்குமோ? யாருடைய செருப்பில் ஒட்டி றோட்டுக்குப் போயிருக்குமோ? முற்றம் முழுவதையும் அள்ளிக்கொண்டுபோய்ப் போட்டால் அதில் அந்த ஒரு பிடியும் இருக்கும்தானே. இருக்கவேண்டுமே. உரப்பையில் கட்டி, பழைய சைக்கிளின் கரியரில் ஏற்றி, தள்ளிக்கொண்டு போனாள். மூன்று நாள். நாலு நாள். முற்றம் பள்ளமாகி மழைத்தண்ணீர் தேங்கியது. இன்னாசித்தம்பியின் குழிமேடு இடுப்பளவுக்கு உயர்ந்து, குருசு மார்புவரை மணலுக்குள் போய்விட்டது.

சேமக்காலையைப் பார்க்கிற மரியநாயகம் வேலியில் சாய்ந்து நின்று பார்த்தார். "சுசிலாக்கா, நான் ஒழுங்கா மூடின குழி. ஏனக்கா இப்பிடி மெனக்கெடுறியள்?"

"இன்னும் மூடேல்ல, தம்பி."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். ஊர் அதற்குள் கதைக்கத் தொடங்கியிருந்தது. கதைக்கட்டும். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சத்தம். டக். அது கேட்டால் அவர் எழும்பிவிட்டார். எழும்பினால் போய்விடுவார். பிள்ளை மூச்சை விடுவான்.

ஞாயிற்றுக்கிழமை காற்று நின்றது.

வாடையில் அப்படி ஒரு நாள் வரும். கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும், தென்னோலை அசையாது, அந்த அமைதியை நம்பாதே என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுவார்கள். எப்படியும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் போட் இறக்கமாட்டார்கள். கரை வெறிச்சோடிக் கிடந்தது. சுசிலா மூன்றாவது உரப்பையையும் கொட்டிவிட்டு, வெறும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுப் படலையைத் தாண்டினாள். கிறீச்சைக் கேட்க அவள் அங்கே இல்லை. நாலு மணி கடந்துவிட்டிருந்தது.

வீடு மணத்தது. சவர்க்காரமும் சாம்பிராணியும். கம்சா வாசலில் நின்றாள், வேர்த்து, களைத்து, முதன்முதலாகச் சிரித்த முகத்தோடு.

"மாமி, உள்ளுக்கு வந்து பாருங்கோ. நீங்க மண் சுமக்கிறதை என்னால பாக்கேலாது. இந்த வீட்டில எல்லாம் அரைகுறையாக் கிடக்கிறபடியாத்தான் மனம் இப்பிடிக் குழம்புது எண்டு யோசிச்சன். காலமை தொடங்கி எல்லாத்தையும் முடிச்சுப்போட்டன். நீங்க மண் அள்ளின முத்தத்தைப் படலையடிவரை கூட்டிட்டன். உங்கட சட்டையள், தலகணி உறை, எல்லாத்துக்கும் பொத்தான் தைச்சிட்டன். மாமாவின்ர வலையில கடைசிக் கண்ணையும் பொத்திட்டன். இனி ஒண்டும் மிச்சமில்லை."

சுசிலாவின் பார்வை அவளைக் கடந்து விறாந்தைக்குப் போனது. கதிரை. அதன் பக்கத்தில் வெறும் நிலம்.

"கோப்பை எங்க?"

"எது? தேத்தண்ணிக் கோப்பையே? நான்தான் இண்டைக்கு ஊத்தி வைச்சன், நீங்க வைக்கிறனீங்கதானே எண்டு. அடியில ஒரு மிடறு கிடந்தது. ஊத்திப்போட்டு, இப்பதான் கழுவிக் கவிட்டு வைச்சனான்."

டக்.

இருவரும் கேட்டார்கள்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், சுசிலாவின் நெஞ்சுக்குள் சந்தோசம் பீறிட்டது. எழும்பிவிட்டார். முடிந்தது. போகப்போகிறார்.

கம்சா திரும்பினாள். கதிரைக்கால் நிலத்தில் ஊன்றி நின்றது. "மாமி," என்றாள் மெல்ல, "ஆரது?"

விறாந்தையில் காலடி. ஒன்று. அதற்கு மற்றது. இந்தத் தடவை பாதியில் நிற்கவில்லை. முற்றத்து ஈரமணலில் சரக், சரக். பின்பக்கப் படலைக் கொளுக்கி தூக்கப்பட்டது. விழுந்தது. இத்தனை நாளும் கேட்காத சத்தம்.

"யூட்சன் எங்க?"

"உள்ளுக்குத்தான் படுத்துக் கிடந்தார்..."

கட்டில் வெறுமையாக இருந்தது. முற்றத்தில் வலை இல்லை. போட் மெசினும் இல்லை. இரண்டு செருப்பும் வாசலில் கிடந்தன, ஒழுங்காக, பக்கத்தில் பக்கத்தில்.

சுசிலா ஓடினாள். ஐம்பத்திரண்டு வயது. மணலில் விழுந்தாள், எழும்பினாள். பின்னால் கம்சா கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். தாழைப் பற்றை. கருவாட்டுப் பந்தல். வெறுங்கரை. போட் கிடந்த இடத்திலிருந்து தண்ணீர்வரை ஒரு நீளத் தடம். தடத்துக்கு இரு பக்கமும் காலடிகள். இரு பக்கமும்.

போட் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. மெசின் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது.

"தம்பி! டேய் தம்பி!"

"முன்னுக்கு ஆரோ இருக்கினம், மாமி. ஆர் அது? ஆரோட போறார்?"

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கூப்பிட ஆளில்லை, ஊர் முழுவதும் அயல் பங்குத் திருநாளுக்குப் போயிருந்தது. கம்சா போனை எடுத்து யார் யாருக்கோ அடித்தாள், அழுதாள், அடித்தாள். ஒருவரும் எடுக்கவில்லை.

வீட்டில் ஒரு வேலையும் மிச்சமில்லை. அவனைத் திருப்பி இழுக்க ஒரு நூல்கூட இல்லை.

ஒன்று இருந்தது.

சுசிலா மணலில் முழங்கால் போட்டாள். கழுத்திலிருந்த செபமாலையை இழுத்தெடுத்தாள். தொடங்கினாள். கம்சாவும் பக்கத்தில் விழுந்து முழங்காலிட்டு, விம்மிக்கொண்டே பதில் சொன்னாள். மணி மணியாக. இருட்டு தண்ணீரிலிருந்து எழும்பி வந்தது. அலை ஒன்று பெருத்தது. காற்று மெல்லத் திரும்பி முகத்தில் அடித்தது. அழுகிய பாசியின் மணத்தோடு, அதற்குள், புகையிலை மணம். ஐந்தாவது பத்துமணி. கடைசி மணி. கடைசிச் செபம்.

கடைசிச் சொல்லுக்கு முன் சுசிலா நிறுத்தினாள். நிறுத்திய அதே நொடியில் கையை நீட்டிக் கம்சாவின் வாயைப் பொத்தினாள். இறுக்கி.

"சொல்லாத. சொல்லாத, பிள்ளை."

மெசின் சத்தம் கேட்டது.

போட் வருகிறது. மங்கலில், வெள்ளை நுரையைக் கிழித்துக்கொண்டு, நேரே கரைக்கு. கம்சாவின் உடம்பு துள்ளியது. வாறார், வாறார் என்று கைக்குள்ளேயே கத்தினாள். சுசிலாவின் கண்ணில் நீர் தாரையாக ஓடியது. வா. வா ராசா. வந்து மணலில் உரசு. அந்தச் சத்தம் கேட்கட்டும். கேட்ட உடனே சொல்கிறேன்.

கடைசி அலைவரை வந்தது.

அதற்கு இங்கால் வரவில்லை.

மெசின் நிற்கவில்லை. ஓடுகிறது. அலை அதைத் தூக்குகிறது. இறக்குகிறது. மணலுக்கும் அதற்கும் இடையில் ஒரு ஆள் நீளம். அந்த நீளம் குறையவில்லை. ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். இருட்டு. போட் வந்துகொண்டே இருந்தது.

பின்னுக்கு யூட்சன் இருந்தான். ஒரு கையைத் தூக்கியபடி. நெஞ்சு மேலே ஏறி நின்றது. இறங்கவில்லை.

"அம்" என்றான்.

அவள் மிச்சத்துக்காகக் காத்திருந்தாள்.

"அம்."

முன்னுக்கு இருந்தவர் எழும்பினார். ஒரு காலைப் போட்டின் விளிம்புக்கு மேலாகத் தூக்கி, இறங்கப்போகிறவர்போல, கரைப் பக்கம் நீட்டினார். கால் தண்ணீருக்கு மேலே நின்றது. கீழே வைக்கவில்லை. முகம் இவர்கள் பக்கம் இருந்தது. நெற்றி இருந்தது, கண் இருந்தது, மூக்கு இருந்தது. அதற்குக் கீழே இன்னும் செய்து முடிக்கப்படவில்லை.

சொன்னால் கரை சேருவானா? சொன்னால் தாழுவானா? போட்டின் அடி மணலில் உரசாமல் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அது சொல்லப்பட்ட ஒரே நாள் என்ன நடந்தது என்று தெரியும். அதைச் சொன்னவள் கைக்குள் திமிறுகிறாள். அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுசிலா சொல்ல வாயெடுத்தாள். இப்போது, இந்த நேரத்தில், எங்கிருந்து தொடங்குவது? வாய்க்குள் அந்தச் சொல் அடைத்துக்கொண்டு கிடந்தது. வேறு சொல் வர இடமில்லை.

கம்சா மாமியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மாமிக்கு விசர். செபத்தை முடிக்க விடமாட்டேன் என்கிறா. முடித்தால் வந்துவிடுவார், இவ்வளவு கிட்ட வந்தவர். அவளுடைய கண் அப்படித்தான் சொன்னது. அவள் இளையவள். பானை சுரண்டி, வாளி இழுத்துப் பழகிய கை.

ஒரு விரல் கழன்றது. மற்றது.

"அம்."

கடலில் அந்தக் கால் அப்படியே நின்றது. சுசிலாவின் உள்ளங்கைக்குள், சூடாக, ஈரமாக, மருமகளின் உதடுகள் திறந்தன.